இரண்டு ஆகஸ்டுகள்: என்.டி.ஆர். நாற்காலியை மீட்டதும் இழந்ததும்

1984 ஆகஸ்டில் என்.டி.ராமராவின் ஆந்திர முதலமைச்சர் நாற்காலி பறிபோனது. ஒரு மாதத்தில் அதை மீட்டார். 1995 ஆகஸ்டில் மறுபடியும் பறிபோனது. இந்த முறை மீட்க முடியவில்லை. ஐந்து மாதத்துக்குள் அவரே காலமாகிவிட்டார்.

முதல் கதையை வீரக்கதையாகவும் இரண்டாவதைத் துரோகக் கதையாகவும் சொல்வது தெலுங்கு நாட்டில் வழக்கம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. இரண்டு முறையும் விஷயத்தை முடித்துவைத்தது தலையெண்ணிக்கைதான். முதல் முறை அந்தத் தலைகள் சிதறாமல் பார்த்துக்கொண்டவர்களில் முன்னால் நின்றவர் மருமகன் சந்திரபாபு நாயுடு. இரண்டாம் முறை அதே தலைகளை எதிர்ப்பக்கம் கொண்டுபோனவரும் அவரே. மாமனாரிடம் ஜனக்கூட்டம் இருந்தது, எம்.எல்.ஏ.க்கள் பட்டியல் மருமகனிடம் இருந்தது.

பெருமாள் சேவை முடிந்து ஒரு தரிசனம்

சென்னைக்காரர்களுக்கு என்.டி.ஆர். அந்நியர் அல்ல. தெலுங்கு சினிமா நீண்ட காலம் இங்கேதான் தயாரானது. அவருடைய வீடு தியாகராய நகர் பசுல்லா ரோட்டில் இருந்தது. ஆந்திரத்திலிருந்து சுற்றுலா பஸ்ஸில் திருப்பதிக்கு வருகிறவர்கள், மலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே சென்னைக்கும் வந்து, காலையில் அந்த வீட்டு வாசலில் நின்று இவரையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். ராமர், கிருஷ்ணர், வேங்கடேசர் என்று திரையில் மாறி மாறிக் கடவுளாக வந்தவர். ஊர்ப்புறத்தில் கிருஷ்ணரை நினைத்தாலே இவர் முகம்தான் வரும் என்ற அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது.

பிறந்தது 1923 மே 28, கிருஷ்ணா மாவட்டம் நிம்மகூருவில், விவசாயக் குடும்பத்தில். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்த அரசு வேலையைச் சில வாரங்களில் உதறிவிட்டு சினிமாவுக்கு வந்தார். முதல் படம் 1949இல். அறுபதை நெருங்கும் வயதில், 1982 மார்ச் 29 அன்று, ஹைதராபாத்தில் 'தெலுங்கு தேசம்' என்று கட்சிப் பெயரை அறிவித்தார்.

ரசிகர் பலம் மட்டுமே ஆட்சியைத் தரும் என்றால் இந்தியாவில் பாதி மாநிலங்களை நடிகர்கள்தான் ஆண்டிருப்பார்கள். என்.டி.ஆருக்கு வாசலைத் திறந்துவிட்டது காங்கிரஸ். 1978 முதல் 1983 தொடக்கம் வரை, ஒரே சட்டமன்றக் காலத்தில், நான்கு முதலமைச்சர்கள்: சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராமி ரெட்டி, கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி. நான்கு பேரையும் வைத்தது டெல்லித் தலைமை. முதல் மூவரை எடுத்ததும் அதுவே. 1982 பிப்ரவரியில் ராஜீவ் காந்தி ஹைதராபாத் வந்தபோது, பேகம்பேட்டை விமான நிலையத்தில் அஞ்சையா தடபுடலாக வரவேற்பு ஏற்பாடு செய்திருந்தார். அது ராஜீவுக்குப் பிடிக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் முதலமைச்சரைக் கடிந்துகொண்டார். அப்போது ராஜீவ் வெறும் எம்.பி. அந்த மாதமே அஞ்சையாவின் பதவியும் போனது. 'தெலுங்கர் தன்மானம்' என்று என்.டி.ஆர். மேடையில் சொன்னபோது கேட்டவர்கள் மனதில் இந்தக் காட்சி ஓடியிருக்கும். தனியாக விளக்கம் தேவைப்படவில்லை.

பழைய செவர்லே வேன் ஒன்றைப் பிரசார வண்டியாக மாற்றி 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்தார். ஓட்டியவர் மகன் ஹரிகிருஷ்ணா. காக்கி உடுப்பு, வேனின் கூரைமேல் நின்று பேச்சு, தூக்கமும் பெரும்பாலும் அதிலேயே. பெண்களை 'ஆடபடுச்சுலு' என்று அழைத்தார். நம் பக்கத்தில் பிறந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன உரிமை உண்டோ அந்த உரிமையோடு கூப்பிடும் சொல் அது. ஊர் ஊராக ஆரத்தி எடுத்தார்கள். 1983 ஜனவரியில் தேர்தல். 294 இடங்களில் தெலுங்கு தேசத்துக்கு 201, காங்கிரசுக்கு 60. கட்சிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

ஜெயித்த அந்த இருநூறு பேர் யார் என்பதில்தான் பின்னால் வரப்போகும் கதை இருக்கிறது. பலர் அரசியலுக்கே புதியவர்கள். வக்கீல், டாக்டர், வாத்தியார், படித்துவிட்டு ஊரில் இருந்த இளைஞர் என்று என்.டி.ஆர். பொறுக்கியெடுத்த ஆட்கள். சொந்தமாக ஓட்டு வங்கியோ பரம்பரைச் செல்வாக்கோ இல்லாதவர்கள். வேனின் மேலிருந்து அவர் கைகாட்டியதால் எம்.எல்.ஏ. ஆனவர்கள். இன்னொரு பகுதி காங்கிரசில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அதில் முக்கியமானவர் நாதெண்டல பாஸ்கர ராவ். வக்கீல், சென்னா ரெட்டி அமைச்சரவையில் இருந்தவர், தெலுங்கு தேசத்தின் தொடக்க நாளிலிருந்து கூட இருந்தவர். கட்சியைத் தோற்றுவித்ததில் தனக்கும் சரிபாதி பங்கு உண்டு என்பது அவர் எண்ணம். என்.டி.ஆர். அவரை நிதி அமைச்சராக்கினார்.

அப்போது நாயுடு எங்கே இருந்தார்? காங்கிரசில். 1978இல் சந்திரகிரியில் ஜெயித்து, அஞ்சையா அமைச்சரவையில் சினிமாத் துறையைப் பார்த்தவர். 1981இல் என்.டி.ஆரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். 1983இல் மாமனார் கட்சியை எதிர்த்து அதே சந்திரகிரியில் நின்று தோற்றார். அதற்கு அப்புறம்தான் தெலுங்கு தேசத்துக்கு வந்தார். கட்சி எந்திரம் எப்படி ஓடும் என்பதைக் காங்கிரசில் கற்றுக்கொண்டு வந்தவர், எந்திரமே இல்லாத ஒரு கட்சிக்கு வந்து சேர்ந்தார்.

ஒன்றரை ஆண்டில் சேர்த்த பகை

என்.டி.ஆரின் முதல் ஆட்சியைப் பொதுவாக 2 ரூபாய் அரிசியோடு முடித்துவிடுவார்கள். கிலோ 2 ரூபாய்க்கு அரிசி பெரிய விஷயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் ஆட்சி செய்யும் விதத்தைக் காட்டுவது வேறு முடிவுகள். பதவியேற்ற அடுத்த மாதமே அரசு ஊழியர் ஓய்வு வயதை 58இலிருந்து 55 ஆகக் குறைத்தார். ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். வேலை நிறுத்தம், வழக்கு. உச்ச நீதிமன்றம் 1985இல் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே, 1984இல், அரசே 58க்குத் திரும்பியிருந்தது. 1984 ஜனவரியில் கரணம், முன்சீப் என்று பரம்பரையாக வந்த கிராம அதிகாரிப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தார். எம்.ஜி.ஆர். 1980இல் இங்கே செய்தது அது. ஊரின் நிலக்கணக்கைத் தலைமுறை தலைமுறையாகத் தன் மடியில் கட்டி வைத்திருந்த ஒரு வர்க்கம் அதிகாரத்தை இழந்தது. நல்ல முடிவு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அதைச் செய்த விதத்தில் அவருடைய குணம் முழுக்கத் தெரிந்தது. யாரையும் கலந்து பேசுவதில்லை. அமைச்சர்களுக்கே முடிவுகள் பல நேரம் பத்திரிகை வழியாகத் தெரியவந்தன.

தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வேலையும் ஆட்சியின் முதல் வருடத்தில்தான் நடந்தது. கிருஷ்ணா நதி நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆருக்கும் என்.டி.ஆருக்கும் இடையே கையெழுத்தானது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்த 15 டி.எம்.சி.யில், வழியில் ஆவியாகிப் போவது போக 12 டி.எம்.சி. தமிழக எல்லையில் வந்து சேர வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கால்வாயை ராயலசீமாவுக்கும் பாசனம் தரும் பெரிய திட்டமாக என்.டி.ஆர். விரித்துக்கொண்டார். ஊத்துக்கோட்டை எல்லைக்குத் தண்ணீர் முதன்முதலாக வந்தது 1996இல். கையெழுத்துப் போட்ட இருவரும் அப்போது உயிரோடு இல்லை.

டெல்லியோடு உறவு முதலிலிருந்தே கசப்பு. 1983 மே மாதம் விஜயவாடாவில் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். அதே வருடம் ஆகஸ்டில் ஆந்திரத்துக்குப் புது ஆளுநர் வந்தார்: ராம் லால், இமாசலப் பிரதேசத்தின் முன்னாள் காங்கிரஸ் முதலமைச்சர்.

முதல் ஆகஸ்டு

1984 கோடையில் என்.டி.ஆருக்கு இதயக் கோளாறு. அமெரிக்கா போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆகஸ்டு 14 அன்று ஊர் திரும்பினார். அதற்குள் இங்கே காரியம் முற்றிப்போயிருந்தது. கட்சியில் கணிசமான எம்.எல்.ஏ.க்கள் தன் பக்கம் என்றும், காங்கிரஸ் ஆதரவும் இருக்கிறது என்றும் பாஸ்கர ராவ் ஆளுநரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

ஆகஸ்டு 16. மார்புத் தையல் ஆறாத நிலையில் என்.டி.ஆர். தன் எம்.எல்.ஏ.க்களைக் கூட்டிக்கொண்டு ராஜ்பவன் போனார். இரண்டு நாளில் சபையைக் கூட்டுங்கள், பெரும்பான்மையைக் காட்டுகிறேன் என்றார். ராம் லால் கேட்கவில்லை. ஆட்சியைக் கலைத்து, அன்றே பாஸ்கர ராவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். பெரும்பான்மையை நிரூபிக்க அவருக்கு ஒரு மாத அவகாசம். ஆட்களோடு வந்து நின்றவருக்கு இரண்டு நாள் மறுப்பு. ஆட்களைத் தேட வேண்டியவருக்கு முப்பது நாள் கெடு. அதற்கு மேல் இதில் சட்ட நுணுக்கம் பேச ஒன்றுமில்லை. என்.டி.ஆரையும் எம்.எல்.ஏ.க்களையும் போலீஸ் அங்கேயே கைது செய்தது.

அப்புறம் நடந்ததில் மக்கள் நினைவில் நின்றது சக்கர நாற்காலி. சுமார் 160 எம்.எல்.ஏ.க்களை டெல்லிக்கு அழைத்துப்போய், தான் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் முன்னால் அணிவகுக்க வைத்தார். 294 பேர் சபையில் 148 போதும். கண்ணெதிரே நிற்கும் தலைகளை எண்ணத் தெரிந்த எவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இந்திரா காந்தி, கலைப்பு தனக்கு முன்கூட்டித் தெரியாது என்றார். அதை நம்பியவர்கள் அதிகம் இல்லை. எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்றாய்த் திரண்டன. ஆந்திரத்தில் பந்த், ஊர்வலம், துப்பாக்கிச் சூடு. ராமோஜி ராவின் ஈநாடு பத்திரிகை தினமும் முழு மூச்சில் என்.டி.ஆர். பக்கம் நின்றது. ஆகஸ்டு 24 அன்று ராம் லால் விலகினார். அந்த இடத்துக்கு சங்கர் தயாள் சர்மா வந்தார்.

இத்தனை கொந்தளிப்பும் பயன்பட்டது, அந்த 160 பேரும் கலையாமல் இருந்ததால்தான். ஒரு மாத அவகாசம் கொடுத்ததன் நோக்கமே ஆள்பிடிப்பு. தினமும் நாலைந்து பேர் நழுவியிருந்தால் ஊர்வலமும் பந்தும் வீணாகியிருக்கும். அதனால் எம்.எல்.ஏ.க்களை மாநிலத்தை விட்டே வெளியே கொண்டுபோனார்கள். கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டேயின் ஜனதா ஆட்சி நடந்துகொண்டிருந்தது. பெங்களூரு, நந்தி மலை என்று அவர்களைத் தங்கவைத்து, வெளியாள் நெருங்காமல் பார்த்துக்கொண்டார்கள். கூவத்தூரைப் பார்த்துவிட்ட நமக்கு இது புதிதில்லை. 1984இல் இவ்வளவு பெரிய அளவில் இது புதிது. யார் எங்கே படுக்கிறார், யாருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்க்கிற வேலை மேடைப் பேச்சாளருக்கு வராது. அது நாயுடுவுக்கு வந்தது. கட்சிக்கு வந்து சில மாதங்களே ஆன மருமகன், கட்சியில் அசைக்க முடியாத ஆளானது இந்த முகாமில்தான்.

செப்டம்பர் 11 அன்று சட்டமன்றம் கூடியது. கூச்சல், குழப்பம், வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடத்தினால் தோற்போம் என்று பாஸ்கர ராவ் தரப்புக்குத் தெரியும். அவகாசம் முடிந்த செப்டம்பர் 16 அன்று சர்மா அந்த அரசைக் கலைத்து என்.டி.ஆருக்கே மறுபடி பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். நான்கு நாள் கழித்து அவர் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்தார். சபையில் தலையை எண்ணுங்கள் என்று முதல் நாளிலிருந்து கேட்டவர் அவர். எண்ணாமலே காலத்தை ஓட்டப் பார்த்தது எதிர்த்தரப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு 1995க்குப் போக வேண்டும்.

இடையில் ஒரு கேள்வி. அந்த 160 பேர் ஏன் விலைபோகவில்லை? முகாம் ஒரு காரணம்தான். பாஸ்கர ராவ் பக்கம் போவது என்றால் நடைமுறையில் காங்கிரஸ் பக்கம் போவது. காங்கிரசைத் திட்டி ஓட்டு வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஊரில் தலைகாட்ட முடியாது. என்.டி.ஆர். முகத்தைத் தவிர வேறு முதலீடு இல்லாத புதுமுகங்களுக்கு அவரை விட்டால் மறுதேர்தலே கிடையாது. விசுவாசம் என்கிறோமே, அதில் இந்தக் கணக்கும் கலந்திருந்தது.

நடுவில் பத்து வருடம்

1984 டிசம்பரில், இந்திரா கொலைக்குப் பின் நாடு முழுக்க அனுதாப அலை வீசியபோது, ஆந்திரத்தின் 42 தொகுதிகளில் 30ஐ தெலுங்கு தேசம் வென்று மக்களவையில் இரண்டாவது பெரிய கட்சியானது. 1985 மார்ச்சில் சட்டமன்றத்தில் 202. அவருடைய உச்சம் அது. அந்த ஆண்டு சட்ட மேலவை ஒழிந்தது (அடுத்த வருடமே எம்.ஜி.ஆரும் இங்கே அதைச் செய்தார்). தாலுகாக்களுக்குப் பதிலாக சுமார் 1,100 மண்டலங்கள் வந்தன. 1986இல் மகளுக்கும் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்தது. இதற்குச் சமமான சட்டம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது.

இறக்கமும் அதே வேகத்தில் வந்தது. 1985 ஜூலையில் பிரகாசம் மாவட்டம் காரம்சேடுவில் கம்மா நிலவுடைமையாளர்கள் தலித்துகளைத் தாக்கிக் கொன்றார்கள். முதலமைச்சரின் சொந்தச் சாதி என்பதால் ஆட்சியின் மேல் விழுந்த கறை போகவில்லை. 1988 டிசம்பரில் விஜயவாடாவில் காங்கிரஸ் எம்.எல்.ஏ. வங்கவீட்டி மோகன ரங்கா வெட்டிக் கொல்லப்பட்டார். கடலோர மாவட்டங்களில் அவருடைய காப்பு சாதியினர் தெலுங்கு தேசத்துக்கு எதிராகத் திரும்பினார்கள். 1989 பிப்ரவரியில், பட்ஜெட் விவரம் கசிந்தது என்று சொல்லி, ஒட்டுமொத்த அமைச்சரவையையும் ஒரே அடியாக வீட்டுக்கு அனுப்பினார். காவி உடுத்திக்கொண்டு, யாரையும் நம்பாத துறவி மாதிரி ஆளப் பார்த்தார். சென்னையில் 1988 செப்டம்பரில் தொடங்கிய எதிர்க்கட்சிகளின் தேசிய முன்னணிக்கு அவர்தான் தலைவர். டெல்லியில் அந்த முன்னணி ஆட்சி அமைத்த 1989 தேர்தலில் சொந்த மாநிலத்தில் 74 இடத்தோடு தோற்றுப்போனார். தான் நின்ற இரண்டு தொகுதிகளில் கல்வகுர்த்தியில் தோல்வி.

ஐந்து ஆண்டுகள் எதிர்க்கட்சி. அப்போது அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பி.வி.நரசிம்ம ராவ் பிரதமராகி 1991இல் நந்தியால் இடைத்தேர்தலில் நின்றபோது, முதல் தெலுங்குப் பிரதமர் என்பதற்காக என்.டி.ஆர். எதிர்வேட்பாளர் நிறுத்தவில்லை. காங்கிரசை எதிர்க்கவே பிறந்த கட்சி அது.

அதே காலத்தில் கட்சி ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் நாயுடு. மாவட்டக் குழு, உறுப்பினர் பதிவு, தொண்டர் பயிற்சி, ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் மகாநாடு. யார் போன் செய்தாலும் எடுத்துப் பேசுகிறவர் அவர். என்.டி.ஆரைப் பார்க்க அதிகாலை மூன்று நான்கு மணிக்கே போய்க் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் ஆகஸ்டு

1993இல் தெலுங்கு விரிவுரையாளரும் எழுத்தாளருமான லட்சுமி பார்வதியை என்.டி.ஆர். மணந்துகொண்டார். முதல் மனைவி காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. 1994 தேர்தல் பிரசாரத்தில் இருவரும் சேர்ந்தே ஊர் ஊராகப் போனார்கள். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் தொடங்கிய பெண்களின் சாராய எதிர்ப்புப் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியிருந்தது. முழு மதுவிலக்கு என்று வாக்குறுதி கொடுத்தார். டிசம்பரில் 216 இடங்கள். காங்கிரசுக்கு 26. பதவியேற்ற மேடையிலேயே மதுவிலக்குக் கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

இப்படி ஜெயித்தவர் எட்டே மாதத்தில் எப்படி விழுந்தார்? வழக்கமான பதில்: லட்சுமி பார்வதி. ஆட்சியிலும் கட்சியிலும் அவர் தலையிட்டார், தன் ஆட்களை வளர்த்தார், வாரிசாகப் பார்த்தார் என்று கிளர்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பதில் ரொம்ப வசதியாக இருக்கிறது. ஒரு பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால், அந்தக் கட்சியில் முதலமைச்சரிடம் மாற்றுக் கருத்துச் சொல்ல ஒரு சபையோ ஒரு குழுவோ கிடையாது என்பதைப் பேச வேண்டியதில்லை. 1989இல் முப்பது அமைச்சர்களை ஒரே நாளில் அனுப்பியபோது லட்சுமி பார்வதி அங்கே இல்லையே. எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறியப்படலாம் என்ற பயம் அதற்கு முன்பே அந்தக் கட்சிக்குள் இருந்தது. புதிதாக வந்தது, பயந்தவர்கள் போய் ஒண்ட ஓர் இடம்.

அந்த இடம் ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் இருந்த வைஸ்ராய் ஹோட்டல். 1995 ஆகஸ்டு பிற்பகுதியில், என்.டி.ஆர். வட கடலோர மாவட்டங்களில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, நிதி அமைச்சராக இருந்த நாயுடு எம்.எல்.ஏ.க்களை அங்கே சேர்க்கத் தொடங்கினார். முதலில் வந்தவர்கள் லட்சுமி பார்வதியின் தலையீட்டைக் குறைக்கச் சொல்லி ஒரு நெருக்கடி கொடுக்கத்தான் வந்தோம் என்றார்கள். நாளாக நாளாக உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் நந்தி மலையில் பழகிய அதே வித்தை. மகன்கள் ஹரிகிருஷ்ணாவும் பாலகிருஷ்ணாவும் மச்சான் பக்கம் நின்றார்கள்.

என்.டி.ஆர். பழைய ஆயுதத்தையே எடுத்தார். சைதன்ய ரதத்தில் ஏறி, லட்சுமி பார்வதியோடு வைஸ்ராய் ஹோட்டல் வாசலுக்குப் போனார். தன் முகத்தைப் பார்த்தால், தன் குரலைக் கேட்டால் பையன்கள் இறங்கி வந்துவிடுவார்கள் என்று நினைத்தார். வேன்மேல் செருப்புகள் வந்து விழுந்தன. அதே வேனுக்குத்தான் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஊர் ஊராக ஆரத்தி எடுத்தார்கள்.

இதைவிட முக்கியமான முடிவு ஒன்றை அவர் எடுத்திருந்தார். நாயுடுவையும் கூட்டாளிகளையும் நீக்கிவிட்டு, சட்டமன்றத்தையே கலைக்கும்படி ஆளுநருக்குப் பரிந்துரை செய்தார். ஆளுநர் கிருஷண் காந்த் அதை ஏற்கவில்லை. சபையில் பெரும்பான்மையைக் காட்டுங்கள் என்றார். காட்சி தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். 1984இல் சபையைக் கூட்டு என்று கெஞ்சியவர் என்.டி.ஆர். 1995இல் சபையைச் சந்திக்காமல் இருக்க வழி தேடியவரும் அவர். பெரும்பான்மையை ராஜ்பவனில் அல்ல, சபையில்தான் சோதிக்க வேண்டும் என்பதை 1994 மார்ச்சில் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லிவிட்டிருந்தது. அந்த நெறி 1984இல் இருந்திருந்தால் ராம் லாலால் அசைய முடிந்திருக்காது. 1995இல் இருந்தது, அதனால் என்.டி.ஆரால் அசைய முடியவில்லை.

கட்சித் தாவல் தடைச் சட்டம்? அதுவும் இதே ரகம். 1984 மாதிரி கூத்துகள் நடக்கக்கூடாது என்று 1985இல் வந்தது அந்தச் சட்டம். ஆனால் தாவுகிறவர்களைத்தான் அது பிடிக்கும். கட்சி எம்.எல்.ஏ.க்களில் பெரும்பான்மையோர் கூடி, எங்கள் தலைவர் இனி இவர் என்று வேறொருவரைத் தேர்ந்தெடுத்தால் யார் தாவியவர், யார் கட்சி? நாயுடு எந்தக் கட்சிக்கும் போகவில்லை. கட்சி அவரிடம் வந்துவிட்டது. சபாநாயகர் யனமல ராமகிருஷ்ணுடுவும் அந்தப் பக்கம்தான்.

எம்.எல்.ஏ.க்களின் கணக்கும் மாறியிருந்தது. 1984இல் என்.டி.ஆரை விட்டுப் போனால் காங்கிரஸ் முத்திரை விழும். 1995இல் அந்தக் கூச்சம் தேவைப்படவில்லை. அதே மஞ்சள் கொடி, அதே சைக்கிள் சின்னம், குடும்பமும் கூடவே இருக்கிறது. டெல்லி என்ற வில்லன் இந்தக் கதையில் இல்லை. இன்னும் நான்கு வருடத்துக்கு மேல் பதவிக்காலம் பாக்கி இருக்கையில் சபையைக் கலைக்கச் சொன்னது கடைசி ஆணி. எட்டு மாதத்துக்கு முன் செலவழித்து ஜெயித்த எம்.எல்.ஏ. யாராவது மறுதேர்தலுக்குச் சம்மதிப்பாரா? தயங்கிக்கொண்டிருந்தவர்களையும் ஹோட்டலுக்குத் தள்ளிவிட்டது அந்தப் பரிந்துரைதான் என்று எனக்குப் படுகிறது. 1984இல் தெருவைச் சூடாக்கிய பத்திரிகை ஆதரவும் இந்த முறை எதிர்ப்பக்கம் இருந்தது.

வாக்கெடுப்பு வரை போகாமல் என்.டி.ஆர். பதவி விலகினார். செப்டம்பர் 1 அன்று நாயுடு பதவியேற்றார்.

அப்புறம்

'ஜாமாதா தசமக்கிரகம்' என்றார் என்.டி.ஆர்.; ஒன்பது கிரகம் போதாதென்று மாப்பிள்ளை பத்தாவது கிரகம். தன்னை ஷாஜகானுக்கும் நாயுடுவை ஔரங்கசீப்புக்கும் ஒப்பிட்டார். சாகும்வரை வேடத்தையும் வசனத்தையும் விடாதவர். மறுபடி மக்களிடம் போகப்போகிறேன் என்றார். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆந்திரத்தில் இன்றும் டீக்கடை விவாதம் நடக்கும். கூட்டம் வந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேர்தல் நான்கு வருடம் தள்ளி இருந்தது. அதைத் தீர்மானிக்கும் சபை நாயுடுவின் கையில் இருந்தது. 1996 ஜனவரி 18 விடிகாலையில் மாரடைப்பில் இறந்தார். வயது 72.

மாமனாரின் இரண்டு பெரிய வாக்குறுதிகளை மருமகன் சீக்கிரமே தளர்த்தினார். 2 ரூபாய் அரிசி 1996இல் 3.50 ஆனது. 1997இல் மதுவிலக்கு போனது. கஜானா தாங்கவில்லை என்பது காரணம், அது பொய்யில்லை. உலக வங்கி, ஹைடெக் சிட்டி என்று நாயுடுவின் ஆட்சி வேறு திசையில் போனது. அது தனிக் கதை.

1996 மக்களவைத் தேர்தலில், நாயுடுவுடையதும் லட்சுமி பார்வதியுடையதும் என்று இரண்டு தெலுங்கு தேசமும் என்.டி.ஆர். படத்தைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுக் கேட்டன. சைக்கிள் சின்னம் வைத்திருந்த நாயுடு கட்சிக்கு 16 இடம். லட்சுமி பார்வதி கட்சிக்கு ஒன்றுமில்லை. அவர் மட்டும் அந்த வருடம் ஸ்ரீகாகுளம் மாவட்டம் பாதப்பட்டணம் சட்டமன்ற இடைத்தேர்தலில் தனியாக ஜெயித்து உள்ளே வந்தார். என்.டி.ஆர். இறந்ததால் காலியான இந்துப்பூர் தொகுதிக்கும் இடைத்தேர்தல் வந்தது. அங்கே ஜெயித்தவர் ஹரிகிருஷ்ணா, அப்பாவுக்கு வேன் ஓட்டியவர். நின்றது மச்சான் கட்சியின் சைக்கிள் சின்னத்தில்.